ஸனா என்னும் நிலாவாரை

‘ஸனா நபி மருந்து, எல்லா நோய்க்கும் ஆகும்’ என்று சொல்லி, நம் இல்லங்களில் சிலர் அதைத் தினந்தோறும் கஷாயமாக்கிக் குடிக்கின்றனர். சிறு பிள்ளைகளுக்கும் புகட்டுகின்றனர். இது சரிதானா என்பதை நாம் ஆராய்வோம்.

ஹதீஸ் கூறுவது

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்களிடம், பேதிக்கு எதை உபயோகிக்கிறீர்கள் என்று வினவினார்கள். அவர்கள் ‘ஷுப்ரும்’ என்ற கடுமையான பூண்டைச் சொன்னதும், அது மிக உஷ்ணமானது என்றார்கள். பின்னர் அந்த அம்மையார் ஸனாவை உபயோகித்தபோது, மரணத்துக்கே மருந்து இருக்குமாயின் அது ஸனாவாக இருக்கும் என்ற கருத்தில் அதனைச் சிறப்பித்தார்கள். இச்செய்தி திர்மிதீ, இப்னு மாஜா ஆகிய கிரந்தங்களில் வருகிறது. இமாம் திர்மிதீ (ரஹ்) அவர்கள் இதை ‘கரீப்’ என்று குறித்துள்ளார்கள்.

இங்கே பேச்சு பேதி மருந்தைப் பற்றியது. கடுமையானதிலிருந்து இதமானதற்குத் திருப்பிய வழிகாட்டல் இது. அந்த இதமான மருந்தையே அளவின்றிக் குடித்துக் கடுமையாக்கிக்கொள்வது இந்த வழிகாட்டலுக்கு மாறானதல்லவா?

நெல்லைச் சீமையில் ஸனா

அரபு நாடும் வடகிழக்கு ஆப்பிரிக்காவும் இதன் தாயகம். நமது மாவட்டத்தில் நெடுங்காலமாகப் பயிராகித் தூத்துக்குடியில் கப்பலேறியதால், ‘டின்னவெல்லி சென்னா’ என்று உலகச் சந்தையில் நம் ஊர்ப் பெயரையே பெற்றுவிட்டது. இவ்வட்டாரத்தில் அவுரி என்றும் சொல்வர். நீலச் சாயம் எடுக்கும் அவுரி வேறு.

அம்பாசமுத்திரத்தில் தாமிரபரணிக் கால்வாய் பாயும் நஞ்சை இதற்கு ஆகாது; நீர் தேங்கினால் செடி அழுகும். வடிகாலுள்ள புஞ்சையே ஏற்றது. விதைத்தோல் கடினமானது, ஓரிரவு ஊறவைத்து, வரிசைக்கு வரிசை 45 செ.மீ., செடிக்குச் செடி 30 செ.மீ. விட்டு விதைக்கலாம். சுமார் 90 நாட்களில் முதல் பறிப்பு. அடுத்தது ஒரு மாதம் கழித்து. இலையை நிழலில் பச்சை மாறாமல் உலர்த்த வேண்டும். இதனுடன் ஆவாரை இலையைக் கலந்து விற்பது மோசடி. மோசடி வியாபாரம் ஹராம் என்பதை வியாபாரிகள் மறக்கலாகாது.

உபயோகிக்கும் முறை

பெரியவர்களுக்கு உலர்ந்த இலை 1 முதல் 2 கிராம் வரை போதும். வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து வடிகட்டிப் படுக்கும்போது அருந்தலாம். வயிற்று முறுக்கலுக்காகச் சிறிது சுக்கோ பெருஞ்சீரகமோ சேர்ப்பது வழக்கம். இலையிலுள்ள சென்னோசைடு என்னும் சத்து பெருங்குடலில் உள்ள நுண்ணுயிர்களால் மாற்றமடைந்த பின்னரே வேலை செய்கிறது. அதற்கு 6 முதல் 12 மணி நேரமாகும். உடனே பேதியாகவில்லையே என்று மேலும் குடிப்பது ஆபத்து. ஸஹரில் குடித்தால் நோன்பு வேளையில் பேதியாகி உடலின் நீர் வற்றும். ஆகவே நோன்பு நாட்களில் தவிர்ப்பதே நலம்.

ஒரு வாரத்துக்கு மேல் தொடரக் கூடாது. நீடித்தால் உடலின் பொட்டாசியம் குறையும். காரணம் தெரியாத வயிற்றுவலி, குடலடைப்பு உள்ளோர் தொடவே கூடாது. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், இருதய, சிறுநீரக நோயாளிகள் ஆகியோர் மருத்துவரைக் கேளாமல் அருந்த வேண்டாம். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் அவ்வாறே.

ஷிஃபா அளிப்பவன் அல்லாஹ் ஒருவனே; இலை ஒரு காரணம் மட்டுமே. அவன் தந்த உடல் நம்மிடம் உள்ள அமானிதம். அதை அளவறிந்து பேணும் தவ்ஃபீக்கை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.