விளையாட்டுலகில் நியதியும் சுதந்திரமும்

சுதந்திரத்தை விரும்பாதார் இலர். ஆயினும் சுதந்திரமாவது யாது என்று வினவினால், தடையின்மையே சுதந்திரம் என விடை பகர்வோரே பலர். தடை யாவும் நீங்கிய மாத்திரத்தில் மனிதன் தான் நினைத்ததை முடிக்க வல்லவன் ஆகின்றானா? இவ்வினாவிற்கு விடை காணத் தத்துவ நூல்களையே நாடவேண்டும் என்பதில்லை. இக்காலத்து இளைஞர் பலர் பொழுதுபோக்காகக் கொண்டுள்ள வீடியோ விளையாட்டு ஒன்றினிடத்தும் அதற்குத் தக்கதொரு விடை உண்டு. அதனை ஈண்டு ஆராய்வாம்.

வீடியோ விளையாட்டுகள் பல திறத்தன. பெரும்பாலானவற்றில் ஆடுவோன், ஆக்கியோன் வகுத்த வழியே ஒரு கட்டத்தினின்று அடுத்த கட்டத்திற்குச் செல்வான். 'திறந்த உலகம்' எனப்படும் வகையிலோ, மலையும் காடும் ஆறும் ஊரும் அமைந்த ஒரு நாடே அவன்முன் விரிந்து கிடக்கும். எத்திசை செல்வது, எச்செயலை முன்னர்ச் செய்வது, எதனைச் செய்யாது விடுவது என்பனவெல்லாம் அவன் விருப்பத்தைப் பொறுத்தவை. இவ்வகையுள் பெரிதும் போற்றப்படுவது, ஜப்பான் தேசத்து நின்டெண்டோ நிறுவனத்தார் 2017ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 3ஆம் தேதி வெளியிட்ட 'தி லெஜண்ட் ஆப் செல்டா: பிரெத் ஆப் தி வைல்ட்' என்பதாகும்.

இந்நிறுவனம் 1889இல் கியோட்டோ நகரில் சீட்டுக்கட்டுகள் செய்யும் தொழிலாகத் தொடங்கியது. 'செல்டா' வரிசையின் முதல் விளையாட்டு 1986இல் வெளிவந்தது. அதன் ஆக்கத்தில் தலைமை பூண்ட ஷிகெரு மியாமோட்டோ, கியோட்டோ மாகாணத்துச் சோனொபெ என்னும் ஊரில் 1952இல் பிறந்தவர். அவர் சிறுவராயிருந்த காலத்து அவ்வூரைச் சூழ்ந்த காடுமேடுகளில் தனியே திரிவார். ஒருகால் ஒரு குகையைக் கண்டு, விளக்கேந்தி அதனுட் புகுந்தார். அச்சமும் வியப்பும் கலந்த அவ்வின்பத்தைப் பிறரும் துய்க்கவேண்டும் என்ற எண்ணமே அவ்விளையாட்டிற்கு வித்தாயிற்று. முப்பத்தோர் ஆண்டு கழித்து வந்த நமது விளையாட்டிற்குத் தயாரிப்பாளர் ஐஜி அவோனுமா. இயக்குநர் ஹிடெமாரோ ஃபுஜிபயாஷி. ஃபுஜிபயாஷி தாம் நன்கறிந்த கியோட்டோ நகரின் படத்தை விளையாட்டு நாட்டின் படத்தின்மேற் பொருத்தி, ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு நடக்கும் தொலைவு எவ்வளவு இருத்தல் தகும் என்று மதிப்பிட்டனர்.

இனிக் கதையைச் சுருங்கக் கூறுவாம். ஹைரூல் என்னும் நாட்டைக் கானன் என்னும் தீயசக்தி அழித்தது. போரில் வீழ்ந்த லிங்க் என்னும் வீரன் நூறாண்டு உறங்கி, பழைய நினைவுகளை இழந்தவனாய் ஒரு குகையில் விழித்தெழுகின்றான். அக்குகை அமைந்த மேட்டுநிலம் நாற்புறமும் செங்குத்தான பாறைகளால் சூழப்பட்டது. ஆங்கு ஒரு முதியவரைக் காண்கின்றான். அம்மேட்டிலுள்ள நான்கு கோயில்களிலும் வைத்த சோதனைகளை அவன் முடித்தபின், 'பாராகிளைடர்' என்னும் மிதக்கும் சீலையொன்றை அம்முதியவர் அளிக்கின்றார். அதனைப் பற்றிக் கீழே இறங்கியபின் அவனைக் கட்டுப்படுத்துவார் ஒருவரும் இலர். விரும்பினால் அப்பொழுதே பகைவனிருக்கும் கோட்டைக்குச் செல்லலாம். ஆனால், புதிதாக ஆடுவோர் அங்ஙனம் செல்வரேல் வழியிலேயே மாய்தல் பெரும்பான்மை. செல்லும் உரிமை முதல்நாளே உண்டு; வெல்லும் ஆற்றலோ பின்னரே வாய்க்கும். உரிமை வேறு, ஆற்றல் வேறு என்பது இதனால் விளங்கும்.

அவ்வாற்றல் எங்கிருந்து வருகின்றது? இதுவே நாம் நோக்கவேண்டிய இடம். 2017ஆம் ஆண்டு சான்பிரான்சிஸ்கோ நகரில் நடந்த விளையாட்டு ஆக்குவோர் மாநாட்டில், தொழில்நுட்ப இயக்குநர் டகுஹிரோ டோடா இவ்வுலகின் அடிப்படையை விளக்கினார். அவர்கள் அதனை 'ரசாயன இயந்திரம்' என்று வழங்குகின்றனர். அதன்படி அவ்வுலகப் பொருள்கள் இருகூறாகும். தீ, நீர், பனி, மின்சாரம், காற்று முதலியன ஒரு கூறு. இவற்றைப் பூதங்கள் என்போம். மரம், உலோகம், இறைச்சி, உயிர்கள் முதலியன மற்றொரு கூறு. இவற்றைப் பொருள்கள் என்போம். இவற்றினிடையே நியதிகள் மூன்றே. முதலாவது, பூதம் பொருளின் நிலையை மாற்றும். தீ மரத்தை எரிப்பது போல. இரண்டாவது, பூதம் மற்றொரு பூதத்தின் நிலையை மாற்றும். நீர் தீயை அவிப்பது போல. மூன்றாவது, பொருள் மற்றொரு பொருளின் நிலையைத் தானே மாற்றாது.

மூன்றே நியதிகளாயினும் அவற்றினின்று பிறக்கும் செயல்கள் எண்ணில. உலர்ந்த புல்லில் தீ மூட்டினால் வெப்பக்காற்று மேலெழும்; சீலையை விரித்தோன் அக்காற்றில் உயரப் பறக்கலாம். மழை பெய்தால் தீ அவிந்துவிடும், பாறையும் வழுக்கும். இடியும் மின்னலும் உள்ள வேளையில் இரும்புவாள் ஏந்தி நிற்பவன்மீது மின்னல் பாயும்; அதனை உணர்ந்தவன் தன் வாளைப் பகைவரிடையே எறிந்துவிட்டு விலகி நிற்பான். மின்சாரம் ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் செல்லவேண்டிய புதிர்களில், அதற்கென வைத்த இரும்புப் பெட்டியைத் தேடாமல் தன் வாள்களையே வரிசையாகக் கிடத்தி வழி செய்தோர் பலர்.

இச்செயல்கள் ஏன் கைகூடுகின்றன? தீ எங்கும் எப்பொழுதும் தீயாகவே ஒழுகுதலினால் அன்றோ? ஆக்கியோன் விரும்பிய இடத்தில் மாத்திரம் மரம் எரியுமாயின், ஆடுவோன் மரத்தைப்பற்றிச் சிந்தியான். ஆக்கியோன் மனத்தில் யாதுளது என்றே ஊகித்துக்கொண்டிருப்பான். அது பிறர் கருத்துக்கு அடிமைப்பட்ட நிலை. நியதி மாறாது என்ற நம்பிக்கை பிறந்தபின்னரே அவன் தானாக ஒன்றை எண்ணி, முயன்று, முடிக்கின்றான். ஆகவே, நியதி சுதந்திரத்தின் பகையன்று. அதனைத் தாங்கும் நிலமேயாம்.

இதற்கு ஓர் உதாரணம் காட்டுவாம். மேற்கூறிய மேட்டுநிலத்தில் பனிமலை ஒன்றுண்டு. குளிரால் உயிர் தேயும். அதனைக் கடக்கும் வழி இதுவென்று எவரும் கட்டளையிடுவதில்லை. மிளகாயிட்டுச் சமைத்த உணவை உண்டு செல்லலாம். தீப்பந்தம் ஏந்திச் செல்லலாம். முதியவர் மறந்துபோன சமையற் பக்குவத்தைக் கண்டறிந்து சமைத்துக் கொடுத்து, அவரிடம் குளிர்தாங்கும் உடை பெற்றும் செல்லலாம். வினா ஒன்று, விடை பல. குளிரை வெல்வது வெப்பம் என்ற ஓருண்மையை அறிந்தவனுக்கு அவை யாவும் எளிய.

இன்னுமொன்று. இவ்விளையாட்டில் பகைவரைக் கொல்வதனால் மட்டும் வீரனின் வலிமை பெருகுவதில்லை. அவன் கொண்ட படைக்கலங்களோ சிலபோது வழங்கியவுடன் முறிந்துபோகும். இது குறித்துக் குறைகூறுவோர் பலர்; அரிதின் பெற்ற வாள் உடைதல் வருத்தம் தருவதே. ஆயினும் வாள் உடைவதனாலேயே, கையிலுள்ளதை நம்பியிராது சூழ்நிலையை நோக்கும் பழக்கம் உண்டாகின்றது. பெற்ற பொருள் அழிய, கற்ற அறிவே எஞ்சுகின்றது. முதல் நாள் ஆடியவனுக்கும் நூறாம் நாள் ஆடுபவனுக்கும் உள்ள வேற்றுமையிற் பெரும்பகுதி வீரனிடத்தன்று, ஆடுவோனிடத்தே உளது.

நிற்க. இவ்வளவு புகழ்ந்தபின் இதன் எல்லையையும் கூறாது விடுதல் நேர்மையன்று. இவ்வுலகின் மலைகளும் மேடுகளும் முக்கோண வடிவினவாய் அமைக்கப்பட்டவை. ஏறிச் செல்வதா, சுற்றிச் செல்வதா என்ற தெரிவை அவை அளிக்கும். அப்பாலுள்ளதை மறைத்து ஆவலையும் தூண்டும். அம்மறைவில் ஏதேனும் ஒன்று நிச்சயம் வைக்கப்பட்டிருக்கும். இயற்கை அத்தகைய உறுதி எதனையும் நமக்கு அளிப்பதில்லை. ஆராய்ச்சியாளன் பல்லாண்டு உழைத்து ஏறிய மலைக்கப்பால் வெறும்பாறையே இருத்தலும் கூடும். அப்பொறுமையை விளையாட்டு கற்பியாது.

காலத்தின் அருமையையும் அது கற்பியாது. இந்நாட்டில் 900 விதைகள் மறைத்து வைக்கப்பட்டுள்ளன. அவற்றுள் 441 கொண்டே படைக்கலப் பையை முற்றும் பெருக்கிக்கொள்ளலாம். எஞ்சியவற்றையும் தேடித் தொகுத்தவனுக்குக் கிடைக்கும் பரிசோ யாதொரு பயனுமற்ற ஒரு நகைப்பொருள். இது ஆக்கியோர் செய்த வேடிக்கை எனினும், நிறுத்துமிடம் அறியாதானுக்கு ஒரு பாடமும் ஆகும். விளையாட்டின்மீது கட்டுப்பாட்டை இழந்து ஏனைக் கடமைகளை நெடிது புறக்கணிக்கும் நிலையை, 2022 முதல் நடைமுறையிலுள்ள நோய் வகைப்பாட்டில் உலகச் சுகாதார நிறுவனத்தார் சேர்த்துள்ளமையும் நினைக்கத்தக்கது.

ஆதலின் மாணவர் இதனினின்று கொள்ளவேண்டுவது யாது? பாடங்களில் வரும் விதிகளை நம்மைக் கட்டும் தளைகளாகவே கருதி வெறுத்தல் மாணவர்க்கு இயல்பு. இலக்கணம் சுமை, கணிதச் சூத்திரம் சுமை, ஆய்வுச்சாலை முறைகள் சுமை என்பர். ஆனால், தளையும் சீரும் அறிந்தவனே வெண்பா இயற்றுகின்றான்; அறியாதவன் பிறர் இயற்றியதை ஒப்புவிக்கின்றான். அமிலமும் காரமும் கூடுமிடத்து நிகழ்வதை அறிந்தவனே புதியதொரு சோதனையை எண்ணுகின்றான். அறியாதவன் ஏட்டிலுள்ளதைப் பார்த்து எழுதுகின்றான். விதியை மனப்பாடம் செய்வதோடு நின்றவனுக்கு அது சுவர். அதனை எடுத்தாளத் துணிந்தவனுக்கு அதுவே படி. தேர்விற்கென விடையொன்றைத் தேடும் பழக்கத்தை விட்டு, "இந்நியதியைக்கொண்டு வேறென்ன செய்யலாம்?" என்று தன்னைத்தானே வினவும் மாணவன், விளையாட்டுக் கருவியை ஒருபோதும் தொடாதவனாயினும், திறந்த உலகத்தில் நடப்பவனே ஆவான்.