வானிலைப் பித்தருக்கு என்ன பரிசு? அந்தமான் வீடுகளுக்கு 10 யோசனைகள்

தென்மேற்குப் பருவமழை நம் நாட்டில் முதலில் இறங்குவது கேரளாவில் அல்ல, நிக்கோபாரில். கேரளாவுக்கு ஜூன் 1 வாக்கில் வரும் மழை இங்கே மே மூன்றாம் வாரமே எட்டிப் பார்த்துவிடும். ஸ்ரீ விஜய புரத்தில் (பழைய போர்ட் பிளேர்) ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. பெய்கிறது, சென்னையைவிட இரண்டு மடங்கு. காலை ஐந்து மணிக்கே வெளுத்துவிடும் இந்த ஊரில், காபிக்கு முன்னால் வாசலில் நின்று மேகம் பார்க்கிற ஒருவர் தெருவுக்குத் தெரு இருப்பார். அவருக்குப் பிறந்த நாளோ பணி ஓய்வோ வந்தால், சட்டைத் துணிக்குப் பதில் இவற்றில் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள்.

1. முதல் பரிசு மழைமானி. கண்ணாடியில் வேண்டாம், தடித்த பிளாஸ்டிக்கில் வாங்குங்கள். கொள்ளளவைக் கவனியுங்கள். வானிலைத் துறைக் கணக்கில் ஒரே நாளில் 115.6 மி.மீ. பெய்தால் மிகக் கனமழை, 204.4 மி.மீ. தாண்டினால் அதிகனமழை. 50 மி.மீ. மட்டுமே பிடிக்கும் சிறிய குழாய் புயல் இரவில் நிரம்பி வழிந்துவிடும். 200 மி.மீ. அளவாவது இருக்கட்டும்.

2. மழைமானியோடு ஒரு சிறு அட்டையில் இரண்டு விதிகளை எழுதிக் கொடுங்கள். சுவர், மரம் எவ்வளவு உயரமோ அதைப்போல் இரண்டு மடங்கு தள்ளி வைக்க வேண்டும். தென்னையடி கூடவே கூடாது. தினமும் காலை 8.30க்கு அளக்க வேண்டும். வானிலைத் துறையும் அந்த நேரத்தில்தான் அளக்கிறது என்பதால், வீட்டுக் கணக்கை அதோடு ஒப்பிடலாம்.

3. கெட்டி அட்டை போட்ட நோட்டு, இரண்டு பென்சில், ஒரு பஞ்சாங்கம் மூன்றையும் சேர்த்துக் கட்டிக் கொடுங்கள். மை ஈரத்தில் கலையும், பென்சில் கலையாது. பஞ்சாங்கம் இந்த ஆண்டு இத்தனை மரக்கால் மழை என்று சொல்லும். நோட்டு உண்மையில் பெய்ததைச் சொல்லும். ஆண்டுக் கடைசியில் இரண்டையும் வைத்துப் பார்ப்பதே ஒரு பொழுதுபோக்கு.

4. கொஞ்சம் செலவு செய்ய முடிந்தால் பாரமானி. முள் வைத்த வகையே போதும். நம் பக்கத்துக் கடலோரங்களில் காற்றழுத்தம் காலை 10, இரவு 10 மணி வாக்கில் ஏறி, அதிகாலை 4, மாலை 4 மணி வாக்கில் இறங்கும். ஏற்ற இறக்கம் இரண்டு மூன்று மில்லிபார்தான். ஏற வேண்டிய நேரத்திலும் முள் இறங்கிக்கொண்டே போனால் கடலில் ஏதோ உருவாகிறது என்று பொருள்.

5. தச்சு வேலை தெரிந்தவரிடம் ஸ்டீவன்சன் பெட்டி செய்யச் சொல்லலாம். நான்கு பக்கமும் சாய்ந்த பலகை அடுக்கு, வெள்ளைப் பெயின்ட், வடக்கு பார்த்த கதவு, தரையிலிருந்து நான்கு அடி உயரக் கால்கள். உள்ளே ஒரு வெப்பமானி, ஒரு ஈரப்பதமானி. இதை வடிவமைத்த தாமஸ் ஸ்டீவன்சன் கலங்கரை விளக்கப் பொறியாளர்; ‘புதையல் தீவு’ எழுதிய ஆர்.எல். ஸ்டீவன்சனின் தந்தை.

6. காற்றளக்கும் கருவி வாங்கினால் இரும்புத் திருகாணி இல்லாததாகப் பாருங்கள். உப்புக் காற்று ஒரே பருவத்தில் துரு ஏற்றிவிடும். அது கட்டுப்படியாகாவிட்டால் போஃபர்ட் அளவுகோலைத் தமிழில் எழுதிச் சட்டம் போட்டுக் கொடுங்கள். காகிதம் பறந்தால் 4, குடை பிடிக்கத் திணறினால் 6. 2016 டிசம்பரில் கடல் கொந்தளித்துப் படகுகள் நின்றபோது, ஹேவ்லாக்கிலும் நீலிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் சிக்கினார்கள். ஜெட்டிக்குக் கிளம்புமுன் காற்றைப் பார்ப்பது இங்கே வீட்டு வேலைகளில் ஒன்று.

7. இளைஞர் என்றால் வைஃபை வானிலை நிலையம் பிடிக்கும். சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்டில் இயங்கத் தொடங்கிய பிறகு, இணையம் முன்போல் இழுப்பதில்லை. செலவே இல்லாத பரிசும் உண்டு: வானிலைத் துறையின் ‘மௌசம்’, மின்னலுக்கு ‘தாமினி’ ஆகிய செயலிகளைப் பெரியவர் போனில் ஏற்றி, பார்க்கும் விதத்தைச் சொல்லிக் கொடுங்கள்.

8. பேட்டரி ரேடியோ, டார்ச், பவர் பேங்க் மூன்றும் ஒரே பையில். 2013 நவம்பரில் ‘லெஹர்’ புயல் இந்தத் தீவுகளைக் கடந்துதான் ஆந்திரா பக்கம் போனது. கரண்டும் டவரும் போன இரவில் செய்தி சொல்வது ரேடியோ ஒன்றுதான்.

9. பிள்ளைகளுக்கு மேகப் படங்கள் கொண்ட சுவர் அட்டை கொடுங்கள். கூடவே அன்னா மணியின் கதையையும் சொல்லுங்கள். 1918இல் பீர்மேட்டில் பிறந்தவர். ஏறக்குறைய 100 வானிலைக் கருவிகளின் வரைபடங்களைத் தரப்படுத்தி, அவற்றை இந்தியாவிலேயே செய்ய வழி வகுத்தவர்.

10. தவிர்க்க வேண்டியவை இரண்டு. படிகம் மிதக்கும் ‘புயல் கண்ணாடி’ மேசைக்கு அழகு, அவ்வளவுதான். அதை நம்பிக் கடலுக்குப் போகக் கூடாது. பாதரசப் பாரமானியைச் சாதாரணப் பயணிகள் விமானத்தில் கொண்டுவர முடியாது. எதை அனுப்பினாலும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் அனுப்புங்கள்.

கடைசியாக ஒரு கணக்கு. ஒரு சதுர மீட்டர் கூரையில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர் தண்ணீர். 50 சதுர மீட்டர் வீட்டில் ஆண்டு முழுக்க விழுவது சுமார் ஒன்றரை லட்சம் லிட்டர். ஜனவரி முதல் ஏப்ரல் வரை குழாயடியில் குடத்தோடு காத்திருக்கும் வீட்டுக்கு, மழைமானி காட்டும் கணக்கு இதுதான். அதனால் பரிசு மே முதல் வாரத்துக்குள் அவர் கைக்குப் போய்ச் சேரட்டும்.