ஒரு நோய், நான்கு பாடங்கள்

தொழில்சார் சுகாதாரம் பயிலும் மாணவர்கள் உயிரியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல், மருந்தியல் ஆகியவற்றை நான்கு தனித்தனிப் பாடங்களாகப் படிக்கிறார்கள். தேர்வுக்கு அது வசதிதான். ஆனால், வேலையிடத்தில் நோய் நான்காகப் பிரிந்து வருவதில்லை. எனவே, இந்த வாரம் ஒரே ஒரு நோயை எடுத்துக்கொண்டு, அதன் பின்னாலேயே போய் நான்கு பாடங்களையும் படிப்போம். மலேசியாவில் ‘கென்சிங் தீக்குஸ்’ என்று எல்லாரும் அறிந்த எலிச்சிறுநீர் நோய்தான் அது. மருத்துவத்தில் அதன் பெயர் லெப்டோஸ்பைரோசிஸ்.

உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 லட்சம் பேருக்கு இந்நோய் வருகிறது. ஏறத்தாழ 59,000 பேர் இறக்கிறார்கள் என்று 2015-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. செம்பனைத் தோட்டத் தொழிலாளர்கள், குப்பை அள்ளுவோர், கால்வாய் சுத்தம் செய்வோர், கால்நடை வளர்ப்போர், வெள்ளத்தில் மீட்புப் பணி செய்வோர் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். மலேசியாவில் 2010 டிசம்பர் முதல் இது மருத்துவர்கள் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக உள்ளது.

உயிரியல்: எலிக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை?

செம்பனைத் தோட்டம் எலிக்கு ஏற்ற இடம். பழம் உணவாகிறது, வெட்டி அடுக்கிய மட்டைகள் வீடாகின்றன. எலியின் சிறுநீரகத்திலுள்ள நுண்குழாய்களில் லெப்டோஸ்பைரா என்னும் பாக்டீரியா குடியிருக்கிறது. எலிக்கு நோய் தெரிவதில்லை, ஓடியாடித் திரிகிறது. ஆனால், மாதக்கணக்கில் அதன் சிறுநீரோடு பாக்டீரியா வெளியேறிக்கொண்டே இருக்கும். இப்படித் தான் நலமாக இருந்துகொண்டு நோயைப் பரப்பும் உயிரியை ‘நோய்க் கொள்ளிடம்’ எனலாம். மனிதன் இந்தச் சுழற்சியில் தற்செயலாக அகப்பட்டுக்கொள்பவன். ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு இந்நோய் தொற்றுவது மிக அரிது.

நுண்ணுயிரியல்: கண்ணுக்கு அகப்படாத திருகாணி

லெப்டோஸ்பைரா திருகுச்சுருள் வடிவம் கொண்டது. நீளம் 6 முதல் 20 மைக்ரோமீட்டர், தடிமனோ 0.1 மைக்ரோமீட்டர் மட்டுமே. தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரோமீட்டர் என்று கொண்டால், இது அதைவிட 700 மடங்கு மெல்லியது. பள்ளி ஆய்வுக்கூடத்துச் சாதாரண நுண்ணோக்கியில் இதைப் பார்க்க முடியாது. பின்புலத்தை இருட்டாக்கிக் காட்டும் சிறப்பு நுண்ணோக்கி வேண்டும்.

ஜெர்மன் மருத்துவர் அடோல்ஃப் வைல் 1886-இல் நோயின் அறிகுறிகளை விவரித்தார். கிருமி பிடிபட்டதோ 1915-இல், ஜப்பானில். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களைத் தாக்கிய நோயை ஆராய்ந்த இனாடா, இடோ ஆகியோரின் குழு அதைக் கண்டறிந்தது. கிருமி அடையாளம் காணப்பட்டதே தொழிலாளர் நோய் ஒன்றை ஆராய்ந்தபோதுதான் என்பதைக் கவனியுங்கள்.

ஈர மண்ணிலும் நன்னீரிலும் இக்கிருமி வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். காய்ந்தால், வெயில் பட்டால், கிருமிநாசினி பட்டால் மடிந்துவிடும். உடலுக்குள் நுழைய அதற்கு ஒரு சிறு கீறல் போதும். கண், மூக்கு, வாய் ஆகியவற்றின் மென்சவ்வு வழியாகவும் நுழையும். செம்பனை மட்டையின் முள் கீறிய கையோடு, உறையில்லாமல் ஈரத் தரையில் உதிரிப்பழம் பொறுக்குகிறவரை எண்ணிப் பாருங்கள். கிருமிக்குக் கதவைத் திறந்து வைப்பது அந்த வேலையேதான்.

உடலியங்கியல்: சிறுநீர் போனால் சிறுநீரகம் நலமா?

கிருமி நுழைந்து 2 முதல் 30 நாள்களுக்குள், பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரங்களில், காய்ச்சல் தொடங்கும். தலைவலி, கெண்டைக்கால் தசைவலி, கண்சிவப்பு ஆகியவை சேர்ந்து வரும். பலருக்கு இத்தோடு நோய் தணிந்துவிடும். சிலருக்கு மஞ்சள் காமாலை, சிறுநீரகப் பாதிப்பு, நுரையீரலில் இரத்தக்கசிவு என்று முற்றிவிடும்.

நம் சிறுநீரகங்கள் ஒரு நாளில் ஏறத்தாழ 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகின்றன. அதில் மூன்றில் இரண்டு பங்கை, நுண்குழாயின் முதல் பகுதி உடனே மீட்டெடுத்துவிடும். லெப்டோஸ்பைரா தாக்குவது முக்கியமாக இந்தப் பகுதியைத்தான். மீட்கும் வேலை கெட்டால் சோடியமும் பொட்டாசியமும் சிறுநீரோடு போய்விடும். ஆகவே, பல நோயாளிகளுக்குச் சிறுநீரகம் பழுதான பிறகும் சிறுநீர் தாராளமாகப் போகும். இரத்தத்தில் பொட்டாசியம் குறையும். அது குறைந்தால் இதயத் துடிப்பின் சீர் கெடலாம். ‘சிறுநீர் நன்றாகப் போகிறது, பயமில்லை’ என்ற முடிவு இங்கே பொருந்தாது.

மருந்தியல்: எது காக்கும், எது கெடுக்கும்?

பெனிசிலின், பாக்டீரியா தன் செல்சுவரைக் கட்டுவதைத் தடுக்கிறது. மனிதச் செல்லுக்குச் சுவர் இல்லை. எனவே, அம்மருந்து கிருமியை மட்டும் தாக்குகிறது. டாக்சிசைக்ளின், பாக்டீரியாவின் ரைபோசோமில் ஒட்டிக்கொண்டு புரத உற்பத்தியை நிறுத்துகிறது. பொதுவாக, கடும் நோய்க்குப் பெனிசிலின் போன்றவை ஊசிவழி தரப்படும்; மிதமான நோய்க்கு டாக்சிசைக்ளின் மாத்திரை போதும்.

டாக்சிசைக்ளினைப் பாலோடும் அமிலமுறிவு மருந்தோடும் சேர்த்து உட்கொண்டால் அது சரிவர உறிஞ்சப்படாது. அதை உட்கொள்பவரின் தோல் வெயிலில் எளிதில் சிவந்து எரியும். வெட்டவெளியில் வேலை செய்பவருக்கு இதைச் சொல்லாமல் மாத்திரையை மட்டும் கொடுப்பது அரைகுறை மருத்துவம். கர்ப்பிணிகளுக்கு இது பொதுவாகத் தரப்படுவதில்லை.

காய்ச்சலும் உடம்புவலியும் வந்ததும் பலர் கடையில் வலிமாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போகிறார்கள். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை, சிறுநீரகத்துக்கு இரத்தம் போகும் குழாய்களை விரிவாக வைத்திருக்கும் வேதிப்பொருளின் உற்பத்தியைக் குறைக்கின்றன. ஏற்கெனவே தாக்கப்பட்ட சிறுநீரகத்துக்கு இது இரண்டாவது அடி.

முன்கூட்டியே மருந்து கொடுத்தால் என்ன? பனாமா காட்டில் பயிற்சி பெற்ற 940 அமெரிக்கப் படைவீரர்களிடம் 1982-இல் இது சோதிக்கப்பட்டது. ஒரு பிரிவுக்கு வாரம் 200 மில்லிகிராம் டாக்சிசைக்ளின். மற்றதற்கு வெற்று மாத்திரை. வெற்று மாத்திரை பெற்றவர்களில் 20 பேருக்கு நோய் வந்தது. மருந்து பெற்றவர்களில் ஒருவருக்கு மட்டுமே. ஆனால், அது சில வாரப் பயிற்சி. ஆண்டு முழுவதும் தோட்டத்தில் உழைப்பவருக்கு ஆண்டு முழுவதும் மருந்து கொடுக்க முடியாது; பக்கவிளைவு உண்டு, கிருமிகள் மருந்துக்குப் பழகிவிடும் அபாயமும் உண்டு.

நான்கும் சேரும் இடம்

எலியிடமிருந்து ஈர மண், கீறல், இரத்தம், சிறுநீரகம் என்று நீளும் சங்கிலியை நான்கு பாடங்களும் சேர்ந்துதான் முழுமையாகக் காட்டுகின்றன. சங்கிலியை எவ்வளவு முன்னால் அறுக்கிறோமோ அவ்வளவு நல்லது. எலியைக் குறைக்கத் தோட்டங்களில் கூகை ஆந்தைக்குக் கூடு வைப்பது முதல் வெட்டு. நீர் தேங்காமல் வடிப்பது இரண்டாவது. கையுறை, காலணி, கீறலுக்கு நீர்புகாக் கட்டு ஆகியவை மூன்றாவது. மருந்து கடைசி.

நோய் வந்துவிட்டால், நாள் கணக்கு முக்கியம். முதல் வாரத்தில் கிருமி இரத்தத்தில் இருக்கும். எதிர்ப்பொருள் போதிய அளவு உருவாகியிருக்காது. அப்போது எடுக்கும் எதிர்ப்பொருள் சோதனை ‘நோய் இல்லை’ என்று காட்டக்கூடும். தொடக்கத்தில் டிங்கிக் காய்ச்சல் போலவே தோன்றுவதால் குழப்பம் இன்னும் கூடும். டிங்கிக்கு ஆன்டிபயாடிக் பயன்படாது. இதற்குப் பயன்படும், அதுவும் விரைவில் தொடங்கினால்.

இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசினி, 1700-இல் வெளியிட்ட தொழில் நோய்கள் பற்றிய நூலில், நோயாளியிடம் ‘என்ன வேலை செய்கிறீர்கள்?’ என்றும் கேட்க வேண்டும் என வலியுறுத்தினார். கிளினிக்கில் அக்கேள்வி எழாவிட்டால் நாமே சொல்லிவிடலாம்: என்ன வேலை, எந்த நாளில் ஈரத்தில் இறங்கினோம், காய்ச்சல் எத்தனை நாள்.

பயிற்சி

1. எலிக்கு நோய் வராமல் இருப்பது கிருமிக்கு எவ்வகையில் நன்மை?
2. காய்ச்சலின் மூன்றாம் நாளில் எடுத்த எதிர்ப்பொருள் சோதனையை மட்டும் நம்பலாமா? காரணம் கூறுக.
3. உங்கள் பெற்றோரின் வேலையிடத்தில் இச்சங்கிலியை எங்கே அறுக்கலாம்? அவர்களிடமே கேட்டு எழுதுக.