மாட்டிறைச்சியும் 'மேட் கவ்' பயமும்: பிரிட்டன் போகிறவர்களுக்கு

படிக்கவோ வேலைக்கோ பிரிட்டன் போகிற பிள்ளை மாட்டுக்கறி சாப்பிடுகிறவர் என்றால், "அங்கே அந்த மாட்டு நோய் இருக்காமே?" என்று வீட்டில் இன்னமும் கேட்கிறார்கள். நியாயமான பயம்தான். 1986இல் அந்நாட்டில் கண்டறியப்பட்ட நோய் அது. செத்த மாடுகளின் இறைச்சியையும் எலும்பையும் அரைத்து, புல் தின்கிற மாட்டுக்கே தீவனமாகப் போட்டதில் பரவியது. 1,80,000க்கும் மேற்பட்ட மாடுகளைப் பிடித்தது. மனிதருக்குத் தொற்றியதில் அந்நாட்டில் 178 பேர் இறந்தார்கள், பலர் இளவயதினர். தீவனத் தடையும் இறைச்சிக்கூடக் கட்டுப்பாடும் வந்த பிறகு, இன்று ஆபத்து மிக மிகக் குறைவு.

செய்ய வேண்டியவை

• மாட்டின் எந்தப் பகுதி என்று கேட்டு வாங்குங்கள். நோய்க்கூறு குவிந்து கிடப்பது மூளையிலும் தண்டுவடத்திலும்தான். 12 மாதம் தாண்டிய மாட்டின் மூளை, கண், தண்டுவடம் மூன்றையும் இறைச்சிக்கூடத்திலேயே அகற்றிவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். ஆட்டு மூளை வறுவலுக்கு ஏங்குகிறவர்களும் கவனிக்க: 12 மாதம் தாண்டிய ஆட்டுக்கும் இதே விதி உண்டு.

• பொட்டலத்தில் நீள்வட்ட முத்திரையைத் தேடுங்கள். உள்ளே இருக்கும் எண், அனுமதி பெற்ற கூடத்தைக் காட்டும். தெரிந்தவர் பண்ணையில் அறுத்தது, மலிவு என்று யாராவது கொண்டுவந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

• பால், தயிர் தாராளமாகச் சாப்பிடுங்கள். அவற்றால் இந்த நோய் பரவியதற்குச் சான்றில்லை.

• பண்ணையில் வேலை பார்க்கிறீர்களா? மாடு மிரண்டாலோ, பின்னங்கால் தடுமாறி விழுந்தாலோ முதலாளியிடம் சொல்லி, கால்நடை அதிகாரிகளுக்குத் தகவல் போகச் செய்யுங்கள்.

செய்யக்கூடாதவை

• "நல்லா வேகவெச்சா எல்லாம் செத்துடும்" என்று நம்பாதீர்கள். நம் சமையலறையின் பெரிய நம்பிக்கை இது, இங்கே பலிக்காது. இந்த நோயைத் தருவது பாக்டீரியாவோ வைரஸோ இல்லை. பிரியான் எனப்படும், உருமாறி மடங்கிப்போன புரதம். குக்கரில் எத்தனை விசில் விட்டாலும் அழியாது. மருத்துவமனைக் கருவிகளை 134 டிகிரி நீராவியில் வைத்தால்கூட முழுதாகப் போய்விடும் என்ற உறுதியில்லை. ஆகவே காப்பாற்றுவது அடுப்பல்ல, அறுக்கும் இடத்தில் நடக்கிற அகற்றல்தான்.

• பதவியில் இருப்பவர் சாப்பிட்டுக் காட்டுவதைச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1990இல் விவசாய அமைச்சர் ஜான் கம்மர், கேமராக்கள் முன் தன் 4 வயது மகளுக்கு பர்கர் ஊட்டப் பார்த்தார். மனிதரைத் தாக்கிய புதுவகை நோய்க்கு இந்த மாட்டு நோயே காரணமாக இருக்கக்கூடும் என்று அரசு நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டது 1996 மார்ச்சில். இடைப்பட்ட ஆறு ஆண்டுகள் மக்கள் நம்பிச் சாப்பிட்டார்கள். எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது.

• எங்கோ ஒரு மாட்டுக்கு நோய் என்று செய்தி வந்ததும் பதறாதீர்கள். 2024இல் ஸ்காட்லாந்தின் அயர்ஷயரில் ஒரு மாட்டுக்கு வந்தது. அது உணவுக்குப் போகும் முன்பே பிடிபட்டது. கண்காணிப்பு வேலை செய்கிறது என்றுதான் பொருள்.

• ரத்ததானத்தில் எதையும் மறைக்காதீர்கள். ஏற்றிய ரத்தம் வழியாகவும் இந்த நோய் அங்கே சிலருக்குத் தொற்றியிருக்கிறது. 1980க்குப் பிறகு ரத்தம் ஏற்றிக்கொண்டவர் பிரிட்டனில் தானம் செய்ய முடியாது. பிரிட்டனில் வாழ்ந்தவர்களுக்கு ஆஸ்திரேலியா வைத்திருந்த தடை 2022இல் நீங்கிவிட்டது. ஆஸ்திரேலியாவில் குடியேறியவர்கள் இனி கொடுக்கலாம்.