திருத்தணி: இரயிலடி ஊரின் வாழ்வும் வாணிகமும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

பள்ளிப்பட்டிலிருந்து விடியற்காலையில் திருத்தணிக்குப் புறப்படும் பேருந்தில் இருவகை மக்களைக் காணலாம். ஒரு சாரார் தணிகை முருகனைத் தரிசிக்கச் செல்பவர்கள். மறு சாரார் சாப்பாட்டுப் பையுடன் சென்னை இரயிலைப் பிடிக்க விரைபவர்கள். முன்னவர் வெளியூரில் ஈட்டிய பணத்தைத் திருத்தணியில் செலவிடுகின்றனர். பின்னவரோ திருத்தணியைக் கடந்து சென்று பணம் ஈட்டுகின்றனர். அந்தப் பணம் எங்கே செலவாகிறது? ஊரின் வளர்ச்சி இக்கேள்வியில்தான் அடங்கியிருக்கிறது.

பாதை வந்த வரலாறு

1856 ஜூலை 1-ஆம் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்குத் தென்னாட்டின் முதல் பயணிகள் இரயில் ஓடியது. அப்பாதையில் அமைந்த அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா நோக்கிப் பிரியும் பாதையில் திருத்தணி உள்ளது. 1955-இல் பெரம்பூரில் இரயில் பெட்டித் தொழிற்சாலை தோன்றியது. அறுபதுகளில் ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் வளர்ந்தன. வேலை தரும் இடங்கள் இவ்வாறு இருப்புப்பாதை ஓரமாகவே அமைந்தமையால், வீடு ஓரிடமும் வேலை ஓரிடமுமான வாழ்க்கை பிறந்தது.

பட்டாஸ்கர் பரிந்துரையின்படி 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணியும் பள்ளிப்பட்டும் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நாம் எந்த மாநிலத்தவர் என்பதை அன்று ம.பொ.சி. போன்றோரின் போராட்டம் தீர்மானித்தது. நாம் எந்த ஊரில் பிழைப்பது என்பதை இன்று இரயில் கால அட்டவணை தீர்மானிக்கிறது!

குறைந்த கட்டணம், குறையாத காலம்

நாள்தோறும் வெளியூர் சென்று பணிபுரிபவரை ஆங்கிலத்தில் ‘கம்யூட்டர்’ என்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க இரயில் நிறுவனங்கள் தினக் கட்டணத்தைக் குறைத்து மொத்தச் சீட்டு வழங்கின. ‘குறைத்து மாற்றுதல்’ என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. நம் வழக்கில் அவர் ‘சீசன் டிக்கெட்காரர்’.

கட்டணம் குறைந்தது உண்மையே. காலம் குறைந்ததா? மின்சார இரயிலில் சென்னை செல்லச் சுமார் இரண்டு மணி நேரம் ஆகிறது. போக வர நான்கு மணி. மாதம் 25 வேலை நாட்கள் எனில் 100 மணி. ஆண்டுக்கு 1,200 மணி. அதாவது இரவும் பகலுமாக 50 முழு நாட்கள்! பள்ளிப்பட்டுக்காரருக்குப் பேருந்து நேரம் தனி.

ஒரு ரூபாயின் கணக்கு

நாம் வகுப்பில் படித்த முடிவிலாப் பெருக்குத் தொடர் இங்கே பயன்படுகிறது. ஒருவர் தாம் கொண்டுவரும் ஒரு ரூபாயில் பாதியை ஊரிலே செலவிடுகிறார் எனக் கொள்வோம். அதைப் பெற்ற கடைக்காரரும் அதில் பாதியை ஊரிலேயே செலவிடுகிறார். இப்படியே தொடர்ந்தால் ஊராருக்குக் கிடைப்பது ½ + ¼ + ⅛ + … = 1 ரூபாய். ஒவ்வொருவரும் ஐந்தில் ஒரு பங்கை மட்டுமே ஊரில் செலவிட்டால் 1/5 + 1/25 + 1/125 + … = ¼ ரூபாய், அதாவது 25 காசுதான்! சம்பளம் மாறவில்லை, செலவிடும் இடமே மாறியது. பொருளியலில் இதற்குப் ‘பெருக்கி’ என்று பெயர். 1931-இல் கான் என்னும் அறிஞர் விளக்கிய இக்கருத்தை 1936-இல் கீன்ஸ் தம் நூலில் விரிவுபடுத்தினார்.

கடையின் கடிகாரம்

ஆயின் சீசன் டிக்கெட்காரரை மட்டும் குறைகூறுவது முறையாகுமா? எனக்குத் தெரிந்த மளிகைக்கடைக்காரர் ஒருவர், “அவங்க போறப்ப நான் கடையைத் திறக்கிறதில்லை, அவங்க வர்றப்ப மூடிடறேன். அப்புறம் எப்படித் தம்பி எங்கிட்ட வாங்குவாங்க?” என்றார். இரயிலடியில் விடியுமுன் திறக்கும் இட்லிக்கடையும் சைக்கிள் ஸ்டாண்டும் இந்தச் சிக்கலை என்றோ தீர்த்துவிட்டன. மாலை இரயில் வரும் நேரத்தில் நறுக்கிய காய்கறியும், மாவும், பாலும் வைத்திருக்கும் கடைக்கு ஆள் தேட வேண்டியதில்லை. வாங்குவோரின் கடிகாரத்தைப் பார்த்துக் கடை நடத்துவதே இத்தகைய ஊர்களின் வாணிக இலக்கணம் எனலாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. வெளியூர் வருமானம் பெருகும்போது மனை விலையும் வாடகையும் ஏறுகின்றன. வெளியே செல்வோர் அதைத் தாங்கிக்கொள்ளலாம்; உள்ளூரிலேயே பிழைப்போருக்கு அது பெரும்பாரம். 2022-இல் சென்னைப் பெருநகர எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிவாக்கப்பட்டது. நகரம் நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கிறது.

முடிவுரை

பள்ளிப்பட்டுப் பகுதியில் விசைத்தறி ஓசை கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். எங்கள் வீட்டில் பட்டப்படிப்புக்கு வந்த முதல் ஆள் நான். நாளை நானும் அதே இரயிலில் ஏறக்கூடும். அதில் தவறொன்றுமில்லை. ஆனால் மாதச் சம்பளத்தில் ஒரு பங்கு எங்கள் தெருத் தையற்காரரிடமும், மளிகைக்கடையிலும், தறிக்காரரிடமும் சேர வேண்டும். ஊர் என்பது உறங்கி எழும் சத்திரமன்று. காலையில் இரயிலேறும் நம்மவர் மாலையில் ஊரிலே வாங்கட்டும். அவர்கள் வரும்வரை நம் கடைகளில் விளக்கு எரியட்டும்!