கேத்தல் வயரும் ஒரு சின்னக் கணக்கும்



நம் லயங்களில் கரண்ட் வந்த காலத்தில் காம்பராவுக்கு ரெண்டு பல்பு எரிந்தால் போதும் என்று இருந்தது. இன்றைக்கு அதே வயரில் கேத்தல், அயன் பொக்ஸ் எல்லாம் மாட்டுகிறோம். வயர் தாங்குமா என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. கணக்கு ஒன்றும் கஷ்டமில்லை, ஆறாம் வகுப்புப் பிள்ளையும் போடும்.

பீலித் தண்ணியை நினைத்துக்கொள்ளுங்கள். தாங்கி மேட்டில் இருக்க இருக்கத் தள்ளும் பலம் கூடும், அதுதான் வோல்ட். குழாயில் ஓடும் அளவு அம்பியர். குழாய் ஒடுங்கலாய் இருந்தால் ஓட்டம் குறையும். அந்தத் தடைக்கு அளவு ஓம். இந்த விதியை 1827ல் எழுதி வெளியிட்ட ஜியோர்க் ஓம், பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மகன், பள்ளிக்கூட வாத்தியார்.

வோல்ட்டை அம்பியரால் பிரித்தால் தடை.
வோல்ட்டை அம்பியரால் பெருக்கினால் வலு, அதாவது வாட்.

இப்போது கேத்தலின் அடியைத் திருப்பிப் பாருங்கள். 230 வோல்ட், 2000 வாட் என்று இருக்கிறதென்று வைப்போம். 2000ஐ 230ஆல் பிரித்தால் ஏறத்தாழ 8.7 அம்பியர். 230ஐ 8.7ஆல் பிரித்தால் தடை 26.4 ஓம். 1000 வாட் அயன் பொக்ஸ் 4.3 அம்பியர் இழுக்கும். ரெண்டும் சேர்ந்தால் 13. நம் வீடுகளில் இருக்கும் பழைய சின்ன வட்டக்கால் பிளக் பேஸ் 5 அம்பியருக்குத்தான். கேத்தல் ஒன்றுக்கே அது போதாது.

நாங்கள் போன ஒரு லயத்தில், இஸ்தோப்பில் வயரை முறுக்கி டேப் சுற்றியிருந்த இடம் கருகி, கூரைச் சட்டத்தில் கரி பிடித்திருந்தது. அந்த முறுக்கில் தடை அரை ஓம் மட்டும் என்று வையுங்கள். 8.7ஐ அரையால் பெருக்க 4.35 வோல்ட், அதை மறுபடி 8.7ஆல் பெருக்க 38 வாட். ஒரு விரல் நீள இடத்தில் சோல்டரிங் அயன் சூடு! அம்பியர் ரெண்டு மடங்கானால் இந்தச் சூடு நாலு மடங்காகும். டேப் சுற்றுவது வைத்தியமல்ல. பிளக் சுட்டாலோ கருகல் மணம் வந்தாலோ மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மின் வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். தண்ணி ஊற்றக் கூடாது.

பொழுது சாய்ந்தால் கேத்தல் கொதிக்க நேரமாகுது என்று தாய்மார் சொல்வார்கள். அதுவும் இந்தக் கணக்குத்தான். எல்லா வீட்டிலும் போடும்போது 230 வோல்ட் 200க்கு இறங்கினால், 26.4 ஓமில் ஓடுவது 7.6 அம்பியர், வலு சுமார் 1515 வாட். வோல்ட் எட்டில் ஒரு பங்கு குறைய, வலு நாலில் ஒரு பங்கு போய்விடுகிறது.

பலாங்கொடைப் பக்கம் 1992ல் ஓடத் தொடங்கிய சமனலவெவ மின்நிலையத்தின் வலு 120 மெகாவாட். இதே கேத்தல் 60,000ஐ ஒன்றாகப் போடலாம்!

வீட்டு வயரைத் தொட்டு அளந்து பார்க்க வேண்டாம், கணக்குக் கடதாசியில் மட்டும். பிள்ளைகளுக்கு ஒன்று: 3 வோல்ட் டோர்ச் பல்பில் 0.3 அம்பியர் ஓடுகிறது. தடை எவ்வளவு, வலு எவ்வளவு? (விடை: 10 ஓம், 0.9 வாட்.)