கந்தகச் சேர்வைகளின் ஒட்சியேற்றமும் பசுமை ஊக்கிகளும்

மாணவர்களே, ஊக்கி என்றால் என்ன என்று கேட்டால், "தாக்க வீதத்தைக் கூட்டும், முடிவில் அதன் திணிவு மாறாது" என எழுதுவீர்கள். விடை சரியே. ஆயினும் நல்ல ஊக்கிக்கு இன்னுமொரு பண்பு உண்டு. தாக்கம் எந்த வழியிற் செல்ல வேண்டும் என்பதையும் அது தீர்மானிக்கும். இப்பண்பு தேர்திறன் எனப்படும்.

1. உள்ளி தரும் உதாரணம்

வெங்காயம், உள்ளி ஆகியவற்றில் கந்தகச் சேர்வைகள் உண்டு. இத்தகைய சேர்வைகள் இரு படிகளில் ஒட்சியேறலாம்.

படி 1: சல்பைட்டு + ஒட்சிசன் அணு → சல்பொட்சைட்டு
படி 2: சல்பொட்சைட்டு + ஒட்சிசன் அணு → சல்போன்

உள்ளிச் செடி முதலாம் படியுடன் நிறுத்திக்கொள்கிறது. அங்கு ஊக்கியாகத் தொழிற்படுவது ஒரு நொதியம். யப்பானிய ஆய்வாளர்கள் 2015 இல் அதனை இனங்கண்டனர்.

2. மருந்து உற்பத்தியில்

இரைப்பையில் அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஒமெப்பிரசோல் என்னும் மருந்தும் ஒரு சல்பொட்சைட்டே. ஒட்சியேற்றம் ஒரு படி கூடினால் மருந்துக்குப் பதிலாகச் சல்போன் என்னும் மாசே கிடைக்கும். எனவே வேகம் மட்டும் போதாது. உரிய இடத்தில் நிற்கவும் வேண்டும்.

3. பசுமை ஊக்கி

குரோமியச் சேர்வைகள், பொற்றாசியம் பரமங்கனேற்று ஆகியவற்றால் ஒட்சியேற்றினால் உலோகக் கழிவு மிஞ்சும். ஐதரசன் பரவொட்சைட்டைப் பயன்படுத்தினால் மிஞ்சுவது நீர். ஆனால் அதற்குப் பொருத்தமான ஊக்கி தேவை. மங்கனீசீரொட்சைட்டை இட்டால் பரவொட்சைட்டு நீராகவும் ஒட்சிசன் வாயுவாகவும் பிரிந்து வீணாகும். தைத்தேனியம், இரும்பு போன்றவற்றைக் கொண்ட தகுந்த ஊக்கிகள் அதன் ஒட்சிசனைக் கந்தகத்துக்கு வழங்கும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் இராஜகோபால் குழுவினர் இரும்பு–சாலன் சேர்வைகளை நொதிய மாதிரிகளாகக் கொண்டு சல்பைட்டுகளின் ஒட்சியேற்றத்தை ஆராய்ந்து, 2002 இல் முடிவுகளை வெளியிட்டனர்.

4. எமக்கு இது ஏன் முக்கியம்?

யாழ் குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணக்கல்லின் வெடிப்புகளில் தங்கியுள்ளது. மேலே ஊற்றும் கழிவு எளிதிற் கிணற்றை அடையும். சுன்னாகத்தில் மின் நிலைய எண்ணெய்க் கழிவால் நிலத்தடி நீர் மாசடைந்தமை தொடர்பான வழக்கில், பாதிக்கப்பட்டோருக்கு நட்டஈடு வழங்குமாறு உயர் நீதிமன்றம் 2019 இல் தீர்ப்பளித்தது. கழிவு உண்டான பின் அகற்றுவதிலும், உண்டாகாமலே தடுப்பது மேல். பசுமை இரசாயனத்தின் முதற் கோட்பாடும் இதுவே.

பயிற்சி வினா

சல்பைட்டை ஒட்சியேற்றப் பரமங்கனேற்றிலும் பரவொட்சைட்டு ஏன் விரும்பப்படுகிறது?

விடை: பரவொட்சைட்டின் பக்கவிளைபொருள் நீர் மட்டுமே, உலோகக் கழிவு தோன்றாது. தகுந்த ஊக்கியுடன் தாக்கத்தைச் சல்பொட்சைட்டு நிலையில் நிறுத்தவும் முடியும்.

நினைவிற் கொள்க: விடையில் "வேகம்" என்பதுடன் நில்லாது, "வழி", "கழிவு" ஆகியவற்றையும் குறிப்பிடுங்கள்.